சித்திரை மின்னலும் ஆறாம் நம்பர் ராடும்

ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. ஆனாலும் எங்கள் மின்சாரப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தச் சித்திரையில் ஒரு நாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் செல்போன் செயலியில் வந்த படம் ஒன்றைக் குழுவில் போட்டு, "மூணரைக்கு மேல அடிவாரத்துல மின்னல்னு காட்டுது. மாரியண்ணே, நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டிருந்தார். வாசலுக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்தேன். திரும்பி வந்து, "ரெண்டே முக்கால்" என்று தட்டிவிட்டேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதல் இடி கேட்டது.

அதிலிருந்து குழுவில் எனக்கு மவுசு கூடிவிட்டது. "எப்படிண்ணே?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மறுநாள் சொன்ன நேரம் முக்கால் மணி தவறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்குப் பதிலைக் கட்டைவிரலால் தட்டி மாளாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் பிரிவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிருஷ்ணன்கோவிலுக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவில், மேற்கு மலையடிவாரம் வரைக்கும் கம்பி போகிற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்த தப்பு என்னுடையது, பிரிவினுடையது அல்ல.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. முடித்து, தினக்கூலியாகக் குழி தோண்டி, கம்பம் சுமந்து, ஹெல்பராகி, வயர்மேன் ஆனேன். முதல் மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம்: கம்பத்தில் ஏறுவது, நுகர்வோர் கத்தும்போது வேறு பக்கம் பார்ப்பது. இரண்டாவதில் எனக்கு நல்ல பெயர்.

மின்னலைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மழை வந்தால் மின்னும் என்பதுதான். அந்த எண்ணத்தைக் கெடுத்தவர் ஜானகி மேடம்.

ஜானகி மேடம் எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக வந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒல்லியான உருவம், பெரிய கைப்பை, அதில் எப்போதும் ஒரு பொட்டலம் சேவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போடுகிற அதிகாரிகளை எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும். செத்த நேரம் தலையைக் குனிந்து நின்றால் அவர்களே களைத்துப்போவார்கள். இவரோ கேள்வி கேட்பார், அதுவும் எண்ணிலே பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகத்தான் கேட்பார். "எப்ப போச்சு?" "எத்தனாவது கம்பம்?" "எத்தன பேர் ஏறுனீங்க?" "நிறைய", "கொஞ்சம்", "அப்பவே" என்றெல்லாம் சொன்னால், கேட்காததுபோல் இன்னொரு தடவை அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாவது தடவைக்குள் நமக்கே வெட்கம் வந்துவிடும்.

அவர் வந்த முதல் வாரத்திலேயே ஆபீஸ் சுவரில் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, சிவப்புப் பென்சில் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டார். மின்னலால் லைன் போனால், அந்தத் தேதிக் கட்டத்தில் மணியை எழுத வேண்டும். எழுதுகிற வேலை எனக்கு வந்தது. எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. ஆடியில் காற்று பேயாக அடித்தபோது வேண்டுமென்றே கட்டம் கட்டமாக எழுதி நிரப்பினேன். மேடம் பார்த்துவிட்டு, சேவைக் கொறித்துக்கொண்டே சொன்னார்:

"மாரியப்பன், தென்ன மட்ட விழுந்து லைன் போனத எல்லாம் மின்னல் கணக்குல சேக்காதீங்க. மட்டைக்கு வேற காலண்டர் வேணும்னா வாங்கித் தாரேன்."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

ஒரு வருஷம் முடிந்ததும் பன்னிரண்டு தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பங்குனிக் கடைசியில் சிவப்பு ஆரம்பிக்கிறது. சித்திரை, வைகாசித் தாள்களில் அப்படியே அள்ளித் தெளித்ததுபோல் இருக்கிறது, அத்தனையும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள். ஆனி, ஆடி, ஆவணியில் காற்றும் சாரலும் உண்டு, கம்பி அறும், மரம் சாயும், ஆனால் சிவப்பைத் தேட வேண்டியிருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் மறுபடி சிவப்பு. ஐப்பசியில் பொழுது சாய்ந்த பிறகு மின்னுகிறது. மார்கழியில் நாள் கணக்கில் மழை பெய்தும் தாள் வெள்ளையாகக் கிடக்கிறது. நான்தான் எழுதினேன், ஆனால் ஒவ்வொரு நாளாக எழுதியபோது எனக்கு இது தெரியவே இல்லை.

"மழை பெஞ்சா மின்னும்னு சொன்னீங்கல்ல? மார்கழியில ஏன் மின்னல?" என்று கேட்டார். எண்ணில் பதில் இல்லாத கேள்வி. அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அபூர்வம்.

அவரே விளக்கினார். மின்னலுக்கு மழை மட்டும் போதாது. தரை கொதிக்க வேண்டும், காற்றில் ஈரம் இருக்க வேண்டும், அந்த ஈரக் காற்று விறுவிறுவென்று மேலே ஏற வேண்டும். சித்திரையில் நம் கரிசல் பக்கம் காலையிலிருந்து கொதிக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வருகிறது. எதிரே மலை நிற்கிறது. போக இடமில்லாத காற்று மலை மேலே ஏறி, மேகமாகிக் கோபுரம்போல் உயர்கிறது. ஆடியில் மேகம் தட்டையாக ஓடிவிடும், ஏறாது. மார்கழியில் தரையில் சூடு இல்லை. இவ்வளவுதான் அந்த ரகசியம். அதற்குப் பிறகு நானே அடையாளங்களைப் பிடித்துக்கொண்டேன். காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேப்பமரத்தில் ஓர் இலை ஆடக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு மலை மேலே பஞ்சுத் துண்டாக ஒரு மேகம் தலை தூக்க வேண்டும். ஒரு மணிக்கு அதன் ஓரம் கத்தரித்ததுபோல் கூர்மையாக இருந்தால் பிற்பகலில் இடி நிச்சயம்.

அந்தக் காலண்டரை வைத்து மேடம் ஒரு சட்டம் போட்டார். சித்திரை, வைகாசியில் கம்ப வேலை எல்லாம் காலையில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், மலையில் மேகம் நின்றால், யாரும் ஏறக் கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. இந்தக் கதையே அதைப் பற்றித்தான். கம்பியில் வேலை செய்யும் முன் துணை மின்நிலையத்தில் சொல்லிக் கரண்டை நிறுத்துவோம். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். நிறுத்தினால் மட்டும் போதாது. வேலை நடக்கும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு எர்த் ராடு மாட்ட வேண்டும். நீளமான கம்பு, நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு கேபிள் வந்து தரையில் அடித்த முளையில் முடியும். கம்பியில் தப்பித் தவறிக் கரண்ட் வந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். புத்தகத்தில் இரண்டு பக்கமும் என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களின் வழக்கம் வேறு. கரண்ட் வருகிற பக்கம், அதாவது துணை மின்நிலையம் இருக்கிற கிழக்குப் பக்கம், ஒன்றை மாட்டுவோம். மேற்கே லைனின் வால் மலையடிவாரத்தில் ஒரு பம்புசெட்டோடு முடிந்துபோகிறது. அங்கிருந்து எவன் கரண்ட் அனுப்பப்போகிறான்? அதுதான் எங்கள் கேள்வி. அதைக் கேட்டுக் கேட்டே ஒரு ராடோடு காலம் தள்ளினோம்.

மேடத்துக்கு இது தெரியும். அதனால் ராடுகளுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டார். இரண்டையும் மாட்டிய பிறகு அவருக்குப் போன் செய்து இரண்டு நம்பரையும் சொல்ல வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு "ஏறுங்க" என்று சொன்னால்தான் ஏறலாம். பட்டன் போன் வந்த புதிது அது. எங்கள் செட்டுக்கு ஐந்தாம் நம்பரும் ஆறாம் நம்பரும்.

இனி அந்த நாள். சித்திரை மாதம். முந்தின நாள் மாலை இடியில் அடிவாரத்து லைனில் ஒரு ஜம்பர் கருகிவிட்டது. இரண்டு பக்கத்துக் கம்பியும் ஒரு கம்பத்தில் வந்து முடிகிற இடத்தில், அவற்றை இணைக்கிற சிறு கம்பித் துண்டுதான் ஜம்பர். அது போனதால் மேற்கே பத்துப் பதினைந்து பம்புசெட்டுக்குக் கரண்ட் இல்லை. பெருமாள்சாமி என்கிற விவசாயி காலையிலிருந்து ஆபீஸுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு ஏக்கர் வாழைக்கன்று, வைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மேடம் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மீட்டிங் என்று போயிருந்தார். நானும் லிங்கமும் கிளம்பினோம். லிங்கம் என்னைவிடப் பத்து வயது இளையவன், என் ஜோடி. நான் கீழே நிற்பேன், அவன் மேலே ஏறுவான். என் டி.வி.எஸ்.ஸில் கயிறு, பெல்ட், இன்சுலேட்டர், அவன், நான். இதில் இரண்டு ராடு எங்கே வைப்பது? ஐந்தாம் நம்பரை மட்டும் சாக்கில் சுற்றிக் கட்டினேன். ஆறாம் நம்பரை ஆபீஸ் சுவரிலேயே சாய்த்துவிட்டு வந்தேன். சாக்குக்குள் ஒன்றுதான் இருக்கிறது என்று லிங்கத்துக்குத் தெரியாது.

போய்ச் சேரும்போது மணி ஒன்று. உச்சி வெயில். எங்கள் தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். மலை மேலே மட்டும் வெள்ளையாக ஒரு மேகம். "ரெண்டு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு" என்று நினைத்தேன். லைன் கிளியர் வாங்கி, கிழக்குப் பக்கம் ராடை மாட்டினேன். மேற்குப் பக்கத்துக் கம்பம் ஒரு மாந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"ஏலே லிங்கம், நீ பெல்ட்டக் கட்டு. அந்தப் பக்க ராட நான் மாட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பெல்ட்டுக்குக் குனிந்த நேரத்தில் சாக்கோடு தோப்புக்குள் போனேன். சாக்கு காலி. இரண்டு மாங்காய் பறித்து அதில் போட்டுக்கொண்டு, ராடு மாட்ட ஆகிற நேரம் வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

"போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சு."

அவன் ஏற ஆரம்பித்தான். நான் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், அஞ்சும் ஆறும் போட்டாச்சு."

மறுமுனையில் சேவு கொறிக்கிற சத்தம் நின்றது.

"ஆறாம் நம்பர் ராடுல பெயிண்ட் உரிஞ்சிருக்கா, மாரியப்பன்?"

"ஆமா மேடம், லேசா உரிஞ்சிருக்கு."

"எத்தன எடத்துல?"

"ரெண்டு எடத்துல மேடம்."

"மூணு எடத்துல. மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிருச்சு, நான் ஆபீஸ்லதான் இருக்கேன். ராடு எம் மேசைக்கு எதுக்க சாஞ்சு நிக்கு."

நான் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"லிங்கம் எங்க?"

"பாதிக் கம்பத்துல மேடம்."

"எறக்குங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கம்பத்தத் தொடக் கூடாது."

லிங்கத்தை இறக்கினேன். மேடம் வருகிறார் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. கம்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பெருமாள்சாமியின் மோட்டார் ரூம். அதன் வாசற்படியில் மாங்காய்ச் சாக்கோடு போய் உட்கார்ந்தோம். அவர் வாழைக்கன்றுக்கு நடுவிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கரண்ட நிறுத்திப்போட்டு மாங்கா திங்கதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்? அங்க கன்னு பூராவும் சுருண்டு கெடக்கு. ஏறுங்கய்யா!"

லிங்கம் என்னைப் பார்த்தான். "ஏறிறட்டுமாண்ணே? பத்து நிமிச வேல."

சத்தியமாகச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டால், மேடம் வரும்போது சமாதானம் சொல்ல ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. அவர் சத்தம் போட்டிருந்தால் வீம்புக்காவது ஏறச் சொல்லியிருப்பேன். அந்த "மூணு எடத்துல" என்கிற அமைதியான குரல்தான் என்னைக் கட்டிப்போட்டது. "இரு" என்றேன்.

இதற்குள் மலை மேலிருந்த மேகம் வளர்ந்து, அடி கறுத்துவிட்டது. ஆனால் எங்கள் மேலே இன்னும் வெயில்தான். மணி இரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அதே நொடியில் எங்கள் கம்பத்தின் உச்சியில் லாரி டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். மேற்குப் பக்கத்துக் கம்பி நுனியிலிருந்து நீலமாக ஒரு தீ, இரும்புச் சட்டத்துக்குத் தாவியது. உடைந்த இன்சுலேட்டரின் பீங்கான் சில் ஒன்று வந்து வரப்பில் விழுந்தது. அதற்கும் நெடுநேரம் கழித்துத்தான் மலையிலிருந்து இடிச் சத்தம் உருண்டு வந்தது.

நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் லைனின் வாலில் இறங்கிய மின்னல், கம்பி வழியாக எங்களிடம் வந்திருந்தது. ஜம்பர் இல்லாததால் கிழக்குப் பக்கம் நான் மாட்டிய ராடுக்கும் மேற்குக் கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. லிங்கம் மேலே இருந்திருந்தால் அந்த நுனி அவன் கையில் இருந்திருக்கும். பெருமாள்சாமி மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு போய் மூன்று இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார்.

மேடம் பஸ்ஸில் வந்து இறங்கினார், ஆளைவிட உயரமான ராடோடு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாராம், ஒரு கிழவரின் தலைப்பாகையை ராடு தட்டிவிட்டதாம். அதையெல்லாம் பிற்பாடுதான் சொன்னார். வந்தவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், கீழே கிடந்த பீங்கான் சில்லைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெமோ, சஸ்பெண்ட் எல்லாவற்றுக்கும் தயாராகப் போய் நின்றேன்.

"லிங்கத்துக்கு எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு மேடம்."

"பெரியவனுக்கு எத்தன வயசு?"

"நாலு."

"சின்னதுக்கு?"

"பொம்பளப் புள்ள மேடம். எட்டு மாசம்."

"சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மெமோவே கொடுத்திருக்கலாம் என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

மேகம் கலைகிற வரைக்கும் எல்லோரும் மோட்டார் ரூமுக்குள் நின்றோம். ஒவ்வொரு மின்னலுக்கும் மேடம் இடி கேட்கும் வரை வாய்க்குள் எண்ணினார். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." எண்ணுவது மட்டும் அவருக்குத் தெலுங்கில்தான் வரும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகுதான் வெளியே விட்டார். ஆறாம் நம்பர் ராடை நானே தூக்கிப் போய் மாட்டினேன். திரும்பி வந்து லிங்கத்திடம், "போட்டாச்சு, ஏறு" என்றேன்.

அவன் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேடம் ஏன் ராடோடு வந்தார் என்று அவனுக்கு எப்போதோ புரிந்துவிட்டிருந்தது.

"ஏண்ணே, மத்தியானமும் எங்கிட்ட போட்டாச்சுன்னுதான சொன்னிய?"

மேடத்திடம் சொன்ன பொய் எனக்கு அதுவரை பெரிதாகத் தெரிந்தது. இது அதைவிடப் பெரியது. "தப்புத்தாம்லே" என்றேன். அவன் தோப்பைத் தாண்டிப் போய் ராடைக் கையால் ஆட்டிப் பார்த்தான். திரும்பி வந்து கிழக்குப் பக்க ராடையும் ஆட்டிப் பார்த்தான். அதன் பிறகுதான் ஏறினான். இருட்டுவதற்குள் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் வரை, நான் மாட்டிய ராடை அவன் போய் ஆட்டிப் பார்க்காமல் ஒரு கம்பத்திலும் ஏறியதில்லை. முதலில் எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிறகு பழகிவிட்டது. அவன் நடந்து போய்த் திரும்புகிற வரைக்கும் நான் கம்பத்தடியில் காத்து நிற்பேன். மற்றபடி எங்கள் சிநேகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த எட்டு மாசக் குழந்தைக்குப் போன தையில் கல்யாணம். பந்தியில் எனக்கு லிங்கமே பாயசம் ஊற்றினான், இரண்டு தடவை.

இப்போது அவன் லைன் இன்ஸ்பெக்டர். போன வாரம் பிற்பகல் போன் செய்தான்.

"அண்ணே, மேக்க கறுத்துருச்சு, பாத்தியளா? எங்க இருக்கிய?"

"வீட்டுக்குள்ளதாம்லே இருக்கேன்."

"மதினிகிட்ட போனக் குடுங்க."

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மாடியிலதான் தம்பி நிக்காவ. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேகத்தப் பாத்துக்கிட்டு."

"எறக்குங்க மதினி, நீங்களும் எறங்குங்க. எறங்குன பொறவு நீங்களே எனக்குச் சொல்லணும், அவிய சொன்னா செல்லாது" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. கைலியை இறக்கிவிட்டுப் படியிறங்கினேன்.